ரேச்சல் கார்ஸன் அம்மையாரும் கெளுத்தி மீனும்

ஏரி குளங்களில் மீன் செத்து மிதக்கிறது என்ற செய்தி நமது பத்திரிகைகளுக்குப் புதிதன்று. கோடையில் நீர் வற்றும்போதும், முதல் மழை பெய்து வயல்நீரும் சாக்கடைநீரும் ஒருங்கே வந்து விழும்போதும் இத்தகைய செய்திகள் வருகின்றன. வெயிலின் கொடுமை என்று ஒரு சாரார் கூறுவர்; ஆலைக் கழிவு என்று மற்றொரு சாரார் கூறுவர்; வயலுக்கு அடித்த மருந்து என்று மூன்றாமவர் கூறுவர். இவர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே மீன் நாறத் தொடங்கிவிடுகிறது. குழி வெட்டிப் புதைத்துவிடுகிறார்கள். வழக்கும் அதனோடு புதைந்துபோகிறது.

பழைய செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளுக்குப் பேர்போனது. அதன் பகுதியாக இருந்து இன்று காஞ்சீபுரம் மாவட்டத்தில் சேர்ந்துள்ள வடக்குப்பட்டு, ஒரகடத்தை அடுத்த கிராமம். 2022-ஆம் வருஷம் தொல்பொருள் இலாகாவினர் அங்கே அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன. உலோகம் அறியாத காலத்திலேயே மக்கள் வாழ்ந்த வட்டாரம் அது. இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் மோட்டார்த் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே எஞ்சியுள்ள வயல்களில் நெல்லும் விளைகிறது. ஒரே ஏரியை நெல்வயலும் ஆலையும் வீடுகளும் சூழ்ந்திருக்கும் இடத்தில், மீனைக் கொன்றது எது என்று கேட்பது வீண் கேள்வியாகாது. அக்கேள்வியை எவ்வாறு கேட்கவேண்டும், யாரைப் பதில் சொல்ல வைக்கவேண்டும் என்பதை உலகத்துக்குக் கற்பித்தவர் ஒரு பெண்மணி. அவருடைய சரித்திரத்தை இன்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ரேச்சல் கார்ஸன் அம்மையாரின் பெயரைக் கேட்டவர்கள் பலர், பறவைகளுக்காகப் பரிந்து பேசியவர் என்றே அவரை அறிவர். அவர் மீன் இலாகாவில் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தர் என்பதும், அவருடைய ஆராய்ச்சி கெளுத்தி மீனில் தொடங்கியது என்பதும், அவர் கண்மூடும் சமயத்தில் உலகத்தின் கண்முன் நின்ற சாட்சியும் கெளுத்தி மீனே என்பதும் அவ்வளவாகத் தெரியாத விஷயங்கள்.

அவர் 1907-ஆம் வருஷம் மே மாதம் 27-ஆம் தேதி, ஐக்கிய அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். அலெகெனி ஆற்றங்கரையில் அவருடைய தகப்பனாருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, செல்வம் இல்லை. தாயார் படித்தவர். செடி கொடிகளையும் பறவைகளையும் குழந்தைக்குக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தவர் அவரே. எழுத்தாளர் ஆகவேண்டுமென்ற ஆசையுடன் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கச் சேர்ந்த பெண், அங்கிருந்த ஓர் ஆசிரியையின் போதனையால் ஜீவசாஸ்திரத்துக்கு மாறினார். 1929-ஆம் வருஷம் பட்டம் பெற்றார். கடலைப் பிற்காலத்தில் அத்தனை அழகாக எழுதிய அவர், கடலை முதன்முதலாகக் கண்டது அந்த வருஷக் கோடையிலேதான்.

பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் எம். ஏ. பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், கெளுத்தி இனத்து மீன் ஒன்றின் கருவிலும் இளங்குஞ்சிலும் சிறுநீரகம் எவ்வாறு உருவாகிறது என்பது. மாதக்கணக்காகப் பூதக்கண்ணாடியின் கீழ் மீன் கருவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு மீன் எத்தனை மெல்லிய கருவிகளால் ஆனது என்பதை யாரும் சொல்லவேண்டியிருந்திராது. 1932-ல் பட்டம் கிடைத்தது. மேற்கொண்டு படிக்கப் பணமில்லை. 1935-ல் தகப்பனார் காலமானார். இரண்டு வருஷத்துக்குள் தமக்கையும் இறக்க, அவருடைய இரு பெண்களைக் காப்பாற்றும் பாரமும் இவர் மேல் விழுந்தது. வயது ஏறக்குறைய முப்பது, குடும்பம் நான்கு பேர், மணம் செய்துகொள்ளவில்லை.

தமக்கை இறக்குமுன்பே அமெரிக்க சர்க்காரின் மீன் இலாகாவில் வானொலிக்கு மீன்களைப்பற்றிச் சிறு பிரசங்கங்கள் எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. 1936-ல் உத்தியோகப் பரீட்சையில் முதன்மையாகத் தேறி, அவ்விலாகாவில் நிரந்தரமாக அமர்ந்தார். விஞ்ஞானப் பதவியில் பெண்களே அபூர்வமான இடம் அது. பதினாறு வருஷகாலம் மற்றவர்களுடைய அறிக்கைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினார். சர்க்கார் அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்கள் அது எத்தகைய தவம் என்பதை அறிவார்கள். ஆனால் எந்த ஆற்றில் எந்த மீன் எத்தனை இருந்தது, எந்த வருஷத்தில் ஏன் குறைந்தது என்ற கணக்கெல்லாம் அவர் கைவழியே சென்றது. அந்தக் கல்வியை எந்தச் சர்வகலாசாலையும் கொடுத்திருக்க முடியாது.

கடலைப்பற்றி அவர் எழுதிய மூன்று நூல்களை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. 1951-ல் வந்த இரண்டாவது நூல் அவருக்குப் புகழும் பொருளும் தந்தது. மறுவருஷம் உத்தியோகத்தை விட்டுவிட்டார்.

இதற்கிடையில் டி. டி. டி. என்ற மருந்து உலகை ஆட்கொண்டிருந்தது. இரண்டாவது மகாயுத்தத்தில் பேன் பரப்பும் ஜுரத்தையும் கொசு பரப்பும் மலேரியாவையும் அது அடக்கியது உண்மை. அதன் பூச்சி கொல்லும் சக்தியைக் கண்டறிந்த பால் முல்லர் என்பவருக்கு 1948-ல் நோபல் பரிசும் கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் அதையும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற மருந்துகளையும் ஆகாய விமானங்களிலிருந்து வயல், காடு, ஊர் என்ற பேதமின்றித் தெளித்தார்கள். நீர்வாழ் ஜந்துக்களுக்கு இதனால் தீங்கு நேருகிறது என்று மீன் இலாகாவின் சோதனைகள் காட்டின. 1945-லேயே கார்ஸன் அம்மையார் இதைப்பற்றி ஒரு வியாசம் எழுதித் தருவதாக ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்குத் தெரிவித்தார். பத்திரிகை வேண்டாமென்றது. பத்திரிகை நடத்துகிறவர்கள் என்ற முறையில் இதை நாம் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை.

1957-ல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டு வாசிகள் சிலர், தங்கள் நிலங்கள் மீது சர்க்கார் விமானங்கள் மருந்து தெளிப்பதைத் தடுக்கவேண்டுமென்று கோர்ட்டுக்குப் போனார்கள். விசாரணை நடந்தது, நிபுணர்கள் சாட்சியம் சொன்னார்கள், வாதிகள் தோற்றார்கள். மேல்முறையீடும் பலிக்கவில்லை. ஆனால் அந்த வழக்கில் திரண்ட சாட்சியங்கள் கார்ஸன் அம்மையாரின் கைக்கு வந்து சேர்ந்தன. மறுவருஷம் மாஸசூஸெட்ஸிலிருந்து ஒரு சிநேகிதி, தமது பறவைத் தோப்பில் மருந்து தெளித்தபின் பறவைகள் மாண்டதை எழுதி அனுப்பினார். வக்கீல் தொழில் செய்தவர்களுக்குத் தெரியும்: வழக்கு தோற்றாலும் வழக்குக் கட்டு வேறொரு நாளில் வெற்றி பெறுவதுண்டு.

நான்கு வருஷம் உழைத்து அவர் எழுதிய நூலே மௌன வசந்தம் என்று பொருள்படும் ஸைலன்ட் ஸ்பிரிங். 1962 ஜூன் மாதத்தில் நியூயார்க்கர் பத்திரிகையில் பகுதிகளாக வந்து, செப்டம்பரில் புத்தகமாக வெளியாயிற்று. அதில் ஆறுகளின் மரணத்தைப்பற்றித் தனி அத்தியாயமே உண்டு. கானடாவில் மிராமிஷி என்ற ஆற்றின் கதை அதில் முதலாவது. 1954 ஜூனில், அங்குள்ள காடுகளில் தளிரைத் தின்னும் புழுவை ஒழிப்பதற்காக ஏக்கருக்கு அரை ராத்தல் வீதம் டி. டி. டி.யை எண்ணெயில் கலந்து விமானத்திலிருந்து தெளித்தார்கள். ஆறு ஓடையென்று விலக்கவில்லை. இரண்டு நாளில் இளம் ஸால்மன் மீன்கள் கரையோரமெங்கும் செத்துக் கிடந்தன. ஓடைப் பூச்சிகள் மாண்டுபோனபடியால் தப்பிய குஞ்சுகளுக்கும் இரையில்லை. அந்த வசந்தத்தில் பொரித்த குஞ்சுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதை எவ்வாறு நிச்சயமாகச் சொல்ல முடிந்தது? 1950 முதலே கானடா மீன் ஆராய்ச்சி மன்றத்தார் அவ்வாற்றின் மீன்களை வருஷந்தோறும் எண்ணி வைத்திருந்தார்கள். முன்கணக்கு இருந்ததனால் பின்நஷ்டத்தை ருசுப்படுத்த முடிந்தது. நமது ஏரிகளில் எத்தனைக்கு இத்தகைய முன்கணக்கு இருக்கிறது?

காலிபோர்னியாவில் கிளியர் லேக் என்ற ஏரியின் கதை வேறு விதம். அங்கே சிறு கொசு இனம் ஒன்றை ஒழிக்க, டி. டி. டி.க்கு நெருங்கிய உறவான டி. டி. டீ என்ற மருந்தை 1949, 1954, 1957 வருஷங்களில் நீரில் கலந்தார்கள். நீரில் அதன் அளவு ஐந்து கோடியில் ஒரு பங்கு. அந்நீரில் வளர்ந்த கெளுத்தி இனத்து மீன் ஒன்றைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 2,500 பங்கு இருந்தது. அதாவது நீரில் இருந்ததைக் காட்டிலும் ஒன்றேகால் லட்சம் மடங்கு. நுண்ணுயிரைச் சிறுமீன் தின்று, சிறுமீனைப் பெருமீன் தின்று, விஷம் படிப்படியாக ஏறியிருந்தது. அம்மீனைத் தின்ற நீர்ப்பறவைகள் மாண்டன.

மீனின் மூச்சைப்பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இவற்றில் பல, அம்மையார் காலத்துக்குப் பிறகு நமது நாட்டுச் சர்வகலாசாலைகள் உள்பட உலகெங்கும் ஆராய்ந்து தெளிந்தவை. நமது நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்க முடியும். ஒரு லிட்டர் காற்றிலோ அதைப்போல் முப்பது மடங்குக்கும் அதிகமாக உண்டு. ஆகவே மீன் இடைவிடாமல் நீரை வாயால் வாங்கிச் செவுள்வழியே வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. செவுளின் இதழ்கள் காகிதத்தினும் மெல்லிய தோலால் ஆனவை. நீருக்கும் ரத்தத்துக்கும் இடையே அந்தத் தோல் ஒன்றுதான் திரை. பிராணவாயு நுழையும் அதே வாசலில் விஷமும் நுழைகிறது. மனிதனாவது மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் ஓடலாம்.

மருந்து கலந்த நீரில் மீனின் நடத்தை எவ்வாறு மாறுகிறது? முதலில் திடுக்கிட்டு அங்குமிங்கும் பாய்கிறது. சில சமயம் நீரைவிட்டே துள்ளுகிறது. செவுள்மூடி படபடவென்று அடித்துக்கொள்கிறது. நாம் இருமுவதுபோல் நீரை எதிர்த்துத் தள்ளிச் செவுளைக் கழுவப் பார்க்கிறது. உடலிலும் செவுளிலும் கோழை சுரந்து படிகிறது. விஷத்தைத் தடுக்கச் சுரக்கும் அக்கோழையே பிராணவாயுவையும் தடுக்கிறது. செவுளிதழ்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பாரத்தியான், மாலத்தியான் இனத்து மருந்துகள், நரம்பின் கட்டளையை முடித்துவைக்கும் பொருளைச் செயலற்றதாக்குவதனால், தசைகள் ஓய்வின்றி இழுத்துக்கொள்கின்றன. மீன் வட்டமிட்டுச் சுழன்று, பக்கவாட்டில் சாய்ந்து, முடிவில் மல்லாந்துவிடுகிறது. செவுளின் துடிப்பு தளர்ந்து நின்றுபோகிறது. மனிதருக்கு அபாயம் குறைவென்று விற்கப்படும் பைரத்திராய்டு மருந்துகளும் மீனுக்கு யமனே.

சாகாத அளவு விஷம் இன்னும் வஞ்சகமானது. மீன் இரையெடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நிற்கமாட்டாமல் போகிறது. கொக்கின் நிழல் கண்டும் விலகுவதில்லை. அது மிதந்து வராதபடியால் செய்தியும் வருவதில்லை.

விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை மேலே வந்து காற்றையும் நேராக உட்கொள்ள வல்லவை. விஷநீரில் இவை அடிக்கடி மேலே வருகின்றன. சில நாள் தாக்குப்பிடிக்கின்றன. விரால் உயிரோடிருக்கிறதே, நீர் நல்ல நீர்தான் என்று கரையிலிருப்பவர் நினைத்துவிடுகிறார். சிறு கெண்டையும் அயிரையும் அதற்கு முன்பே போய்விட்டதை யாரும் கவனிப்பதில்லை. விஷம் அவற்றைச் சும்மா விடுவதுமில்லை. காற்றை வாயால் குடித்தாலும் உடல் கிடப்பது அந்த நீரில்தானே.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். புத்தகம் வெளியானதும் ரசாயன வியாபாரிகள் சீறி எழுந்தார்கள். வெல்ஸிகால் என்ற கம்பெனி, நூலை வெளியிடவிருந்த பதிப்பாளருக்கு முன்கூட்டியே வழக்கு மிரட்டல் விடுத்தது. பதிப்பாளர் பணியவில்லை. உணர்ச்சிவசப்பட்ட பெண்பிள்ளை என்றார்கள், கம்யூனிஸ்டு என்றார்கள், மணமாகாதவளுக்கு வருங்காலச் சந்ததியைப்பற்றிக் கவலை என்ன என்றும் கேட்டார்கள். மருந்தே கூடாது என்று அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை என்பதை இவர்களில் எத்தனை பேர் படித்துப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. அறியாமல் தெளிக்காதே, தெளிக்குமுன் ஆராய்ந்து பார், தெளிக்கப்படுகிறவனைக் கேள் என்பதே அவர் வாதம்.

எதிரிகள் அறியாத ஒரு விஷயம் இருந்தது. 1960 முதல் மார்பகப் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தின் பெரும் பகுதி சிகிச்சைக்கும் வேதனைக்கும் நடுவே எழுதப்பட்டது. தமக்கை மகள் இறந்தபின் அவளுடைய ஐந்து வயதுப் பிள்ளையையும் சுவீகரித்து வளர்த்து வந்தார். நோயுண்டென்று தெரிந்தால் சொந்தக் கோபத்தால் எழுதினார் என்று சொல்லுவார்கள் என்று அஞ்சி, அதை வெளியிடவில்லை. 1963 மே மாதம் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு தனது அறிக்கையில் அவருடைய எச்சரிக்கையைப் பெரும்பாலும் ஆதரித்தது. ஜூன் மாதம் ஸெனட் உபகமிட்டியின் முன் அமர்ந்து சாட்சியம் அளித்தார். அன்று அவருக்கு நெடுநேரம் நிற்கும் சக்தியில்லை.

அந்த வருஷக் கடைசியில் மிஸிஸிப்பி நதியின் கீழ்ப்பகுதியில் மீன்கள் லட்சக்கணக்கில் மிதந்தன. மொத்தம் ஐம்பது லட்சம் என்று மதிப்பிட்டார்கள். பெரும்பாலானவை கெளுத்தி இனம். மேலே வந்து புரண்டு, இழுப்புக் கண்டு இறந்தன. சுகாதார இலாகாவினர் அவற்றின் உடலையும் நதியின் சேற்றையும் மாதக்கணக்கில் ஆராய்ந்து, 1964 மார்ச்சில் குற்றவாளி எண்டிரின் என்று அறிவித்தார்கள். நூறு கோடிப் பங்கு நீரில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே கெளுத்தியைக் கொல்லவல்ல மருந்து அது. மெம்பிஸ் நகரத்தில் அதை உற்பத்தி செய்த ஆலையின் பக்கம் தடயங்கள் இட்டுச் சென்றன. ஆலைக்கு உரியவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். அவர்கள் வேறு யாருமல்லர். புத்தகத்தைத் தடுக்க முயன்ற அதே வெல்ஸிகால் கம்பெனிதான்.

இவ்வறிவிப்பு வெளியான சில வாரங்களுக்குள், ஏப்ரல் 14-ஆம் தேதி, கார்ஸன் அம்மையார் தமது ஐம்பத்தாறாவது வயதில் காலமானார். டி. டி. டி.யை விவசாயத்தில் உபயோகிப்பதை அமெரிக்கா 1972-ல் தடுத்தது.

எண்டிரின் என்ற பெயர் நமது கிராமங்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. பூச்சிக்கு வாங்கி மனிதர் குடித்து மாண்ட கதைகள் எத்தனையோ. மிஸிஸிப்பி சம்பவத்துக்குப் பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது நம்மிடம் புழங்கியது. 1990-ல் தடை விதித்தார்கள். டி. டி. டி.க்கு விவசாயத்தில் தடை 1989-ல் வந்தது. எண்டோஸல்பானைச் சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் நிறுத்தவேண்டியிருந்தது. அதற்குள் காஸர்கோட்டு மக்கள் பட்டதை உலகம் அறியும்.

சட்டமே நம்மிடம் இல்லை என்று கூறமாட்டோம். 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் பட்ட உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபின், 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் பிராணி என்ற சொல்லுக்குக் கொடுத்துள்ள வியாக்கியானத்தில் மீன் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மீனுக்கு ஆகாத மருந்தைப் பதிவு செய்யுமுன் யோசிக்கும் கடமை அதனால் ஏற்படுகிறது. பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்த வேலூர் வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒருபடி மேலே சென்றது. முன்னெச்சரிக்கை நமது நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும், தன் செயலால் தீங்கில்லை என்று ருசுப்படுத்தும் பொறுப்பு அச்செயலைச் செய்பவனையே சாரும் என்றும் தீர்ப்பாயிற்று. 2010-ஆம் வருஷத்துப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் இக்கொள்கை இடம் பெற்றிருக்கிறது. கார்ஸன் அம்மையார் கேட்டதும் ஏறக்குறைய இதுவே. மீன் கோர்ட்டுக்கு வந்து நிரூபிக்கட்டும் என்று இனி ஒருவரும் சொல்வதற்கில்லை.

ஆனால் பொறுப்பு எதிரியுடையதாயினும், சாட்சியத்தைக் கெடாமல் காப்பாற்றுவது ஊராரிடமே இருக்கிறது. வடக்குப்பட்டு வட்டாரத்து வாசகர்களுக்குச் சிலவற்றைச் சொல்லுவோம். பிராணவாயுக் குறைவால் மீன் திணறுமாயின், பெரும்பாலும் விடியற்காலையில் திணறும். வெயில் ஏறிப் பாசி வேலைசெய்யத் தொடங்கியதும் தெளியும். பெரிய மீன்களே முதலில் சாகும். விஷமாயின் நேரம் பார்க்காது; சிறு மீன்கள் முதலில் போகும்; தவளையும் நீர்ப்பூச்சியும் கூடச் சாகும்; சாகுமுன் மீன் சுழலும், இழுத்துக்கொள்ளும். எந்த மதகுப் பக்கம் முதலில் மிதந்தது, அதற்கு முந்தின நாள் மழை பெய்ததா, எந்த வயலில் என்ன மருந்து அடித்தார்கள், எந்தக் கால்வாயில் நிறம் மாறிய நீர் வந்தது என்று அன்றைக்கே தேதியிட்டு எழுதி வைக்கவேண்டும். நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் எடுக்கக்கூடாது. சில மருந்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான கண்ணாடிப் புட்டியில், மீன் செத்த இடத்தில் ஒன்றும், மீன் நலமாயிருக்கும் இடத்தில் ஒன்றுமாக எடுக்கவேண்டும். அழுகிய மீன் பயன்படாது. இன்னும் செவுள் துடித்துக்கொண்டிருக்கும் மீன்களில் நாலைந்தைப் பனிக்கட்டியில் வைத்து, அன்று மாலைக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரிடமும் மீன்வள இலாகாவினரிடமும் சேர்த்து, ரசீது வாங்கிக்கொள்ளவேண்டும்.